இரண்டேகால் வயது, இன்னும் பேச்சு வரவில்லை: மூன்று வயது வரை காத்திருக்கலாமா?

உங்கள் மகனுக்கு இரண்டேகால் வயது. "அம்மா", "பா" தவிர வேறு சொல் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம் திரும்புகிறான், பல நேரம் திரும்புவதில்லை. மூன்று வயது வரை பார்க்கலாம் என்கிறார் குழந்தை மருத்துவர். "இவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று ப்ளே ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள். பெங்களூர் மாரத்தஹள்ளியில் நீங்கள் போய்ப் பார்த்த பயிற்சி மையத்தில், தினமும் நான்கு மணி நேரப் பயிற்சி, மாதம் 45,000 ரூபாய், மூன்று வயதைத் தாண்டிவிட்டால் பிறகு எதுவும் சொல்ல முடியாது என்று பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்லும்போது உங்களை உறங்கவிடாமல் செய்வது, சும்மா இருந்து காலத்தைத் தவறவிட்டுவிடுவோமோ, அல்லது பயந்துபோய்க் குழந்தையை வீணாக வாட்டிவிடுவோமோ என்ற கவலைதான் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் படித்தவள். பல ஆண்டுகளாகப் பெங்களூரில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி கொடுத்துவருகிறேன். நான் மருத்துவர் அல்ல. குழந்தையைப் பார்க்காமல், அவனுக்கு இது இருக்கிறது, அது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. மூன்று வயது வரை காத்திருக்க வேண்டாம். தொடங்குவதற்கு அந்த நான்கு மணி நேரத் திட்டமும் வேண்டாம், வேலையை விடவும் வேண்டாம். என்ன குறை என்று பெயர் தெரிந்த பிறகுதான் பயிற்சி என்று தள்ளிப்போடவும் தேவையில்லை.

முதல் வேலை காது. இந்த வாரமே செவித்திறன் பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள். "காது நன்றாகத்தான் கேட்கிறது, டிவியில் விளம்பரம் வந்தால் சமையலறையிலிருந்து ஓடி வருகிறான்" என்று பெற்றோர் பலர் சொல்வார்கள். அதை வைத்து முடிவு செய்ய முடியாது. செவித்திறன் ஓரளவு குறைந்த குழந்தைக்கு மேளமும் கதவு சாத்தும் ஓசையும் கேட்கும். "ச", "த" போன்ற மெல்லிய மெய்யொலிகள் கேட்காது. அவனுக்குப் பேச்சு, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் உருவம் இல்லாமல் வந்து சேரும். பிறந்த மருத்துவமனையில் செய்த ஓ.ஏ.இ. (உட்காது ஒலிக்கு எதிர்வினை தருகிறதா என்று பார்க்கும்) சோதனையில் தேறிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் சில வகைச் செவித்திறன் குறைகள் பிறகு தோன்றும். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்து நின்றால் மாதக்கணக்கில் கேட்கும் திறன் மங்கும். காதுக்குள் எல்லாம் சரியாக இருந்து நரம்பு வழியில் மட்டும் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது. ஆகவே ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது தலையில் சிறு மின்முனைகளை ஒட்டிச் செய்வார்கள், வலிக்காது. காலையில் சீக்கிரம் எழுப்பி, பகல் தூக்கம் இல்லாமல் அழைத்துப் போனால் மயக்க மருந்து இல்லாமலே பெரும்பாலும் முடிந்துவிடும். பிறவிக் காது கேளாமையில் ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. இரண்டேகால் வயதில் இன்னும் காத்திருப்பது எவ்வளவு பெரிய தாமதம் என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். கூடவே இரும்புச்சத்தையும் தைராய்டையும் ரத்தத்தில் பார்த்துவிடும்படி குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்து, மூன்று வயது வரை பார்க்கலாம் என்ற ஆலோசனை. அது முழுவதும் ஆதாரமில்லாத பேச்சு அல்ல. இரண்டு வயதில் 50 சொற்கள்கூட இல்லாத, இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தைகள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் இருப்பார்கள். அவர்களில் பலர் பள்ளிக்குப் போவதற்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் நம்மால் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. சிக்கல் அங்கேதான். எட்டிப் பிடிக்கப்போகிற குழந்தைக்கு இப்போதே பயிற்சி கொடுத்தால் அவனுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கொஞ்சம் கூடுதலாக விளையாடியிருப்பீர்கள், அவ்வளவுதான். எட்டிப் பிடிக்க முடியாத குழந்தையைக் காத்திருக்க வைத்தால் அவன் ஒரு வருடத்தை இழக்கிறான். அதனால்தான் காத்திருக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் மாமியார் சொன்னதையும் ஒதுக்கிவிடாதீர்கள். அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். பேச்சுத் தாமதம் குடும்பத்தில் வழிவழியாக வருவது உண்டு. அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்பது நிம்மதிக்குரிய செய்தியாக வீடுகளில் சொல்லப்படுகிறது. எங்கள் தொழிலில் அது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய காரணங்களில் ஒன்று.

சொல் வரவில்லை என்பதைவிட நான் அதிகம் கவனிப்பது வேறு சில விஷயங்கள். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா, அல்லது உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைக்கிறானா? ஆகாயத்தில் விமானம் போனால், எச்.ஏ.எல். பக்கம் இருக்கும் உங்களுக்கு அது தினசரிக் காட்சி, அதைக் காட்டிவிட்டு நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? கை காட்டாமல், கண்ணால் ஜாடை செய்யாமல் "செருப்பை எடுத்து வா" என்று சொன்னால் புரிந்துகொள்கிறானா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பாவனை விளையாட்டு இருக்கிறதா? இவையெல்லாம் இருந்து பேச்சு மட்டும் இல்லையென்றால் எனக்குக் கவலை குறைவு. இவையும் இல்லையென்றால் ஆட்டிசம் உட்பட வளர்ச்சிக் குறைபாடுகள் இருக்கின்றனவா என்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்களையோ டாட்டா காட்டுவதையோ அவன் விட்டுவிட்டிருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். எந்த வயதானாலும் அது உடனே காட்ட வேண்டிய அறிகுறி. 16 மாதம் முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கென எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. உங்கள் மகன் இன்னும் அந்த வயதுக்குள்தான் இருக்கிறான். நிரப்பிப் பாருங்கள். ஆனால் அது ஒரு சல்லடை மட்டுமே. அதில் சிக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆட்டிசம் இருப்பதில்லை, ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளும் அதில் சிக்குவதும் இல்லை.

நாக்கில் வசம்பை உரசித் தடவுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேச்சு மூளையில் உருவாவது. நாக்கைத் தடித்தது, மெலிந்தது என்று பார்த்துத் தேய்ப்பதால் அது வந்துவிடாது. இந்த வயதுக் குழந்தைக்கு வசம்பு பாதுகாப்பானதும் அல்ல. நாக்கு ஒட்டு (நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுகியிருப்பது) இருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று யாராவது சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். நாக்கு ஒட்டு சில ஒலிகளின் தெளிவைப் பாதிக்கலாம், பால் குடிப்பதைப் பாதிக்கலாம். ஒரு குழந்தை சொற்களே இல்லாமல் இருப்பதற்கு அது காரணமாவதில்லை.

ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த நகரத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக அதிகமாகக் கெடுதல் செய்யும் அறிவுரை இதுதான். வீட்டில் தமிழ், லிஃப்டில் கன்னடம், வேலைக்கு வரும் அக்காவிடம் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று பெங்களூர்க் குழந்தைகள் வளர்வது புதிதல்ல. பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்; இரண்டு மொழிச் சூழலில் வளர்வதால் அவர்கள் பின்தங்கிப் போகவில்லை. ஆனால் தமிழில் சிரித்து, கோபித்து, கொஞ்சிப் பழகிய ஓர் அம்மா ஆங்கிலத்துக்கு மாறினால் நடப்பதை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பேச்சு சுருங்கிவிடுகிறது. "கம் ஹியர்", "சிட் டவுன்", "வாட் இஸ் திஸ்" என்று கட்டளையும் கேள்வியுமாகப் போய்விடுகிறது. பாட்டியும் தாத்தாவும் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சு வராத குழந்தைக்கு அவனோடு பேசுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது எந்த விதத்தில் நியாயம்? தமிழில் பேசுங்கள். உங்கள் மகனுக்கு அமையும் ஸ்பீச் தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பாதகமில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் உங்களுக்குச் சொல்லித் தரட்டும், நீங்கள் அதைத் தமிழில் செய்யுங்கள்.

இனி அந்த மையம் சொன்ன "மூன்று வயதைத் தாண்டினால்" என்பதைப் பார்ப்போம். முதல் சில ஆண்டுகளில் மூளை வேகமாக வளர்கிறது, நரம்பிணைப்புகள் அனுபவத்துக்கு ஏற்ப அமைகின்றன என்பதில் சந்தேகமில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்தில் சேர்ந்தவர்கள் பல விஷயங்களில் கூடுதலாகத் தேறினார்கள். ஆனால் அவர்கள் அன்பும் பேச்சும் கிடைக்காமல் வளர்ந்த குழந்தைகள். பிறவியிலேயே வளர்ச்சி வேறு வழியில் போகிற, பாசமான வீட்டில் இருக்கிற குழந்தைக்கு அந்த வயதுக் கணக்கை அப்படியே பொருத்துவது சரியல்ல. சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பது உறுதி. குறிப்பிட்ட பிறந்தநாளன்று கதவு சாத்தப்படுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நான்கு வயதிலும் ஐந்து வயதிலும் பேசத் தொடங்கிய குழந்தைகளை என்னைப்போல் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். பெற்றோரின் பயத்தை வைத்துக் கட்டணம் வாங்குபவர்கள்மீது எனக்கு ஆத்திரம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

நீண்ட மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆட்டிசம் உள்ள 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்ததில் 9 பேர் சாதாரண வகுப்பில் மற்றவர்களைப்போல் தேறினார்கள் என்று அது சொன்னது. உலகம் முழுவதும் பெற்றோர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. பயிற்சியில் அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் சேர்ந்திருந்தன. அதே அளவு வெற்றி பின்னால் வந்த கட்டுப்பாடான ஆய்வுகளில் கிடைக்கவில்லை. 2020இல் சிறு குழந்தைகளுக்கான ஆட்டிசப் பயிற்சி ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசிப் பார்த்தபோது, தரமான ஆய்வுகள் என்று எடுத்துக்கொண்டால் மிகச் சிலவே தேறின. குழந்தையின் இயல்பான விளையாட்டுக்குள் நுழைந்து, அவன் ஆர்வத்தைப் பின்தொடர்ந்து கற்பிக்கும் முறைகளுக்கே ஓரளவு நம்பத்தக்க ஆதாரம் இருந்தது. ஆகவே எத்தனை மணி நேரம் சரியான அளவு என்று உங்களிடம் ஒருவர் உறுதியாகச் சொன்னால், ஆதாரம் தாங்குவதைவிட அதிகமாகச் சொல்கிறார் என்று அர்த்தம். இரண்டேகால் வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து அட்டை காட்டும் நான்கு மணி நேரம், என் அனுபவத்தில், அழுகையையும் முரண்டையும்தான் வளர்க்கிறது.

பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்து அவர்கள் வழியாகக் குழந்தையிடம் வேலை செய்யும் முறையைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 152 குழந்தைகளிடம் நடந்த பேக்ட் என்ற ஆய்வு, பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, அதை அவர்களோடு உட்கார்ந்து பார்த்துத் திருத்தியது. அதையே நம் ஊருக்கு ஏற்றவாறு மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். அங்கே பெற்றோருக்குக் கற்பித்தவர்கள் சிறப்பு நிபுணர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். குழந்தையின் போக்கை அனுசரித்துப் பெற்றோர் பதில் சொல்வது கூடியது. குழந்தைகள் தாங்களாகத் தொடங்கிப் பெற்றோரை அணுகுவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனத்தைப் பகிர்ந்துகொள்ளும் நேரமோ கூடவில்லை, குறைந்தது. ஆக, இதுவும் எல்லாவற்றையும் மாற்றிவிடும் மந்திரம் இல்லை. ஆனால் கெடுதல் இல்லாதது, செலவு குறைந்தது, தமிழில் செய்யக்கூடியது.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்கள் மாமியாருக்கு நிச்சயம் தெரிந்த ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, அப்பாவுக்கு ஒரு வாய், பாட்டிக்கு ஒரு வாய் என்று விரல்களை மடக்கி, கடைசியில் நண்டு கை வழியாக ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுமே, அது. எதிரே, அவன் கண் மட்டத்தில் உட்காருங்கள். அடுத்தடுத்து சில தடவை வேகமாக விளையாடுங்கள். அவன் சிரிக்கத் தொடங்கியதும், நண்டு ஏறப்போகும் இடத்தில் விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். முகத்தை மட்டும் ஆவலாக வைத்துக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்துதான் பெற்றோருக்கு மிகவும் கடினம். மூன்றிலேயே "சொல்லு, சொல்லு" என்று வாய் திறந்துவிடும். அவன் உங்கள் முகத்தைப் பார்க்கலாம், கையை முன்னால் நீட்டலாம், "ம்" என்று ஒரு சத்தம் வரலாம். அதுதான் அவனுடைய பேச்சு. உடனே "நண்டு!" என்று சொல்லி ஏறவிடுங்கள். அந்த முறை அவன் கேட்டான், நீங்கள் கொடுத்தீர்கள். சொல் இதற்குப் பிறகு வந்து சேரும்.

இதே முறையை நாள் முழுவதும் பரப்பலாம். முறுக்கு டப்பா மூடியை இறுக்கி மூடிக் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். குளிக்கும்போது ஒரு குவளை ஊற்றிவிட்டு அடுத்த குவளையை மேலே தூக்கிப் பிடித்து நிறுத்துங்கள். "வா", "தா", "போ", "இன்னும்", "போதும்", "வேண்டாம்", "மேலே" போன்ற அன்றாடம் வேலைக்கு உதவும் சிறு சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நிறங்களும் எண்களும் ஏ பி சி டியும் இப்போது வேண்டாம். கேள்வி கேட்பதைக் குறைத்து, அவன் பார்ப்பதைச் சொல்லுங்கள். அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டாகத் திருப்பிச் சொல்லுங்கள்.

அல்சூரில் ஒரு குடும்பம். மூன்று வயதுப் பேரன் என் அறையில் இரண்டு நிமிடம்கூட உட்கார மாட்டான். மார்கழி மாதம், அவரைக்காய் மலிந்து கிடக்கும் நேரம். பிதுக்குப் பருப்புக்காக இரவே ஊறவைத்த கொட்டைகளைப் பாட்டி தரையில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்ததை அவன் அம்மா போனில் படம் எடுத்து வந்து காட்டினார். பாட்டி ஒரு கொட்டையை அவன் விரலுக்கிடையில் வைத்து அழுத்த வைக்கிறார். தோலிலிருந்து பருப்பு வழுக்கிக் கிண்ணத்தில் விழும்போது "டொப்" என்கிறார். வாயில் போட்டுக்கொள்ளாதபடி கண்ணைக் கையிலேயே வைத்திருக்கிறார். அடுத்த கொட்டையைத் தன் கைக்குள் மூடி வைத்துக்கொள்கிறார். பையன் அவர் விரல்களைப் பிரிக்கிறான், முகத்தைப் பார்க்கிறான், "ட" என்கிறான். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதன்பிறகு நான் வகுத்த பயிற்சியெல்லாம் அந்தக் கிண்ணத்தைச் சுற்றித்தான். பயிற்சி என்றால் வண்ண வண்ணப் பொருள்கள் நிறைந்த அறையில்தான் நடக்கும் என்று நினைக்கும் உங்களைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாரத்தில் ஓரிரு தடவை ஒரு தெரபிஸ்ட் உங்கள் குழந்தையோடு இருக்கும் 45 நிமிடம், அவன் விழித்திருக்கும் நேரத்தில் மிகச் சிறு பகுதி.

போன், டிவி பற்றிய என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். திரையைப் பார்த்ததால்தான் ஆட்டிசம் வந்தது, நிறுத்தினால் போய்விடும் என்று சுற்றும் வீடியோக்களை நம்பாதீர்கள். "விர்ச்சுவல் ஆட்டிசம்" என்ற நோய்க்கணிப்பு எந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலும் இல்லை. அதை நம்பி, தான் போன் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று அழும் அம்மாக்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. உங்கள்மேல் பழி இல்லை. இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் போன் ஓடினால் அங்கே பேச்சு நடப்பதில்லை என்பது உண்மை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள்.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் மூவருக்கும் அது கட்டாயம். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் பிசியோதெரபிஸ்டும் அதன் கீழ் வரமாட்டார்கள், அவர்களிடம் பட்டத்தைக் கேளுங்கள். பெற்றோரை உள்ளே அனுமதிக்காத இடத்தில் குழந்தையை விடாதீர்கள். மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்; "அவன் தேறிவருகிறான்" என்று மட்டும் சொல்பவரிடம் பணம் கட்டிக்கொண்டே போக வேண்டாம். ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, அப்படி விற்பது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. நகையை அடகு வைத்து ஊசி போட்டுக்கொண்டு வந்த குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அந்தப் பணத்தில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்திருக்கலாம்.

பெங்களூரில் எங்கே போவது? முழுமையான பரிசோதனைக்கு நிமான்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவு இருக்கிறது. வரிசை நீளம், ஆனால் பார்வை ஆழம். "மனநலம்" என்ற பலகையைப் பார்த்துத் தயங்காதீர்கள். இந்திரா நகரில், வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக இயங்கும் கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி இருக்கிறது. டாக்டர் பிரதிபா காரந்த் தொடங்கிய காம்டீல், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கென இங்கேயே உருவான பயிற்சித் திட்டம். நான் படித்த மைசூரு நிறுவனத்தில் காது, பேச்சு, மொழி மூன்றையும் ஒரே வளாகத்தில் குறைந்த கட்டணத்தில் பார்த்துவிடலாம். காலை ரயிலில் போய் வரலாம். 2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் சொந்த ஊருக்குப் போய்ச் சில மாதம் தங்க முடியுமானால், சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும், தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையமும் தமிழிலேயே பெற்றோருக்குப் பயிற்சி தருகின்றன.

பயிற்சி தொடங்க மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. பிற்பாடு மருத்துவர் ஏதேனும் உறுதி செய்தால் அதை வாங்கத் தயங்க வேண்டாம். சிறு வயதில் கொடுப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான், குழந்தையின் நெற்றியில் எழுதி ஒட்டுவது அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது, அதில் தெரபிச் செலவும் சேரும். பழைய வருமான வரி முறையில் இருந்தால், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காக 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு.

வேலையைப் பற்றி. விட வேண்டாம் என்பது என் கருத்து. இது பல ஆண்டுகள் போகக்கூடிய வேலை. முதல் ஆறு மாதத்திலேயே சம்பளத்தையும் உடலையும் மனதையும் செலவழித்துவிட்ட அம்மாக்கள் இரண்டாவது ஆண்டில் தளர்ந்துபோகிறார்கள். உங்கள் கேள்வி முழுவதிலும் குழந்தையின் அப்பா, தாமதமாகப் பேசியவர் என்பதைத் தவிர, எங்கேயும் வரவில்லை. குளியலை அவர் எடுத்துக்கொள்ளட்டும். காலைச் சாப்பாட்டை மாமியார் எடுத்துக்கொள்ளட்டும், போன் இல்லாமல். இரவு தூங்கும் முன் நேரம் உங்களுடையது. மூன்று பேர் பிரித்துக்கொண்டால் யாரும் வேலையை விட வேண்டியதில்லை. குழந்தைக்கும் ஒருவரிடம் மட்டுமல்லாமல் மூவரிடமும் பேசக் காரணம் கிடைக்கும்.

உங்கள் மகன் எட்டிப் பிடிப்பானா, அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறதா, எப்போது முழு வாக்கியம் பேசுவான் என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. இரண்டு வயதில் அனுபவமுள்ள மருத்துவர் ஆட்டிசம் என்று உறுதி செய்தால் அது பெரும்பாலும் நிலைக்கிறது. இல்லை என்று சொன்னால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. முதல் சந்திப்புக்குப் போகும்போது பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, செவித்திறன் அறிக்கை, எம்-சாட் படிவம் ஆகியவற்றோடு, அவன் சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, உங்களோடு விளையாடும்போது என்று இரண்டு இரண்டு நிமிட வீடியோக்களைக் கொண்டு போங்கள். மருத்துவர் அறையில் குழந்தைகள் அழுவார்கள் அல்லது உறைந்து நிற்பார்கள். வீட்டு வீடியோ நிறையச் சொல்லும். பெரா முடிவு வந்ததும், அவன் விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்பதையும், சொன்னால் புரிந்துகொள்கிறானா என்பதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எந்தத் தெரபியை முதலில் எடுக்கலாம் என்று என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.